வாங்கின் ஓரத்து இடம்

— இதைக் கேள், றோஸ். "என் பிரியமான சபையாரே, என் ஊழிய காலத்தில் நான் கற்றுக்கொண்ட முதலாம் பாடம், பொறுமை." எப்பிடி இருக்கு?

— நல்லாயிருக்கு. வெட்டிப்போடுங்கோ.

— வெட்டுறதோ? ஏன்?

— பொறுமையைப் பற்றி நீங்கள் பிரசங்கம் பண்ணினால் சனம் சிரிக்கிற சிரிப்பிலை கோயில் கூரை இருக்காது. உந்தப் புத்தகக் கட்டை இஞ்சாலை தள்ளுங்கோ, சாக்குக்குள்ளை வைக்க. திங்கக்கிழமை விடிய வண்டில்காரன் வந்து நிக்கப்போறான். நீங்கள் கதிரையை விட்டு அசையிற பாடாய் இல்லை.

— அடியே, ஒரு போதகன் ஓய்வு பெறுகிற ஞாயிற்றுக்கிழமை ஒருக்கால்தான் வரும். மூப்பர் எல்லாரும் கூடிவந்து கேட்டவை. "ஐயா, இவ்வளவு காலமும் நீங்கள் படிச்சதை எங்களுக்குச் சொல்லிப்போட்டுப் போங்கோ" எண்டு கேட்டவை. நீயும் நிண்டனி.

— நிண்டனான், ஓம். படிச்சதைச் சொல்லுங்கோ எண்டுதான் கேட்டவை. படிக்காததை இல்லை.

— சரி, பொறுமை ஒரு பக்கம் கிடக்கட்டும். அடுத்ததைக் கேள். "ஜனங்களோடு ஜனமாய் நின்றால்தான் ஜனங்கள் நமக்குச் செவிகொடுப்பார்கள்." இது நான் ஏரம்பு அண்ணையின்ரை தோட்டத்திலை படிச்சது.

— ஓ! அந்தக் கதையோ.

— ஏன் சிரிக்கிறாய்? நாங்கள் தெல்லிப்பழைக்கு வந்த புதிசு. அந்த மனிசன் கிணத்துத் துலா மிதிப்பிச்சுப் புகையிலைக்குத் தண்ணி கட்டிக்கொண்டு நிண்டவர். நான் வரம்பிலை நிண்டு நல்ல செந்தமிழிலை நித்திய சீவனைப் பற்றி விளக்கிக்கொண்டு போறன். அவர் மண்வெட்டியை நிப்பாட்டவும் இல்லை, என்னைப் பாக்கவும் இல்லை. கடைசியாய்ச் சொன்னார்: "தம்பி, கதைக்கிறதைக் கதையும். கதைச்சுக்கொண்டு அந்த வாய்க்காலையும் ஒருக்கால் மறிச்சுவிடும்." நான் சட்டையைக் கழட்டிப்போட்டு இறங்கினன். அதாவது, அண்டைக்குத்தான் அந்த மனிசன் முதன்முதல் என்ரை முகத்தை நிமிர்ந்து பாத்தவர்.

— பாத்தவர்தான். ஏன் பாத்தவர் எண்டதையும் சொல்லுங்கோவன்.

— அது என்னத்துக்கு?

— மறிக்கவேண்டிய வாய்க்காலை விட்டிட்டு மற்றதை மறிச்சனீங்கள். நட்ட புகையிலைக் கண்டு முழுக்க வெள்ளத்துக்குள்ளை. அடுத்தநாள் நானும் வந்து சேத்துக்குள்ளை நிண்டு திரும்ப நட்டுக்குடுத்தனான். என்ரை கலியாணச் சீலை அண்டைக்கு நாசமாய்ப் போச்சு.

— அதையும் எழுதியிருக்கிறன்.

— எங்கை? காட்டுங்கோ பாப்பம்.

— பக்கத்திலை, சின்னனாய்.

— ஏரம்பு அண்ணை இண்டுவரைக்கும் நெற்றி நிறையத் திருநீறுதான்.

— இருக்கட்டும். நேற்றுப் பின்னேரம் ஒரு குலை வாழைப்பழத்தைத் தோளிலை போட்டுக்கொண்டு வந்தவரெல்லோ! "ஐயா, உங்கடை சாமியிட்டை எங்கடை வீட்டுக்கும் சேத்து ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ" எண்டு என்ரை கையைப் பிடிச்சவர். அந்தக் கையை விட எனக்கு மனம் வரேல்லை, றோஸ்.

— கண்டனான். அதாலைதான் குசினிக்குள்ளை போய் நிண்டனான். சரி, பிறகு என்ன இருக்கு?

— பிறகு மயிலிட்டி.

— யாகப்புவின்ரை வள்ளமோ? அதை நீங்கள் ஒரு நாளும் வாய் திறந்து சொல்லமாட்டியள் எண்டெல்லோ நான் நினைச்சனான்!

— வயது போனாப் பிறகு என்ன வெக்கம்? யாகப்பு கத்தோலிக்கன், நாங்கள் மிசன்காரர். மாதாவைக் கும்பிடுறது சரியில்லை எண்டு விளக்கத்தான் நான் போனது. வலையைப் பொத்திக்கொண்டு இருந்தவர். "ஏறுங்கோ ஐயா, கடலிலை வைச்சுக் கதைப்பம்" எண்டார். காங்கேசன்துறை வெளிச்சவீடு கண்ணுக்கு மறையமுன்னம் வாடைக்காத்து எழும்பிவிட்டுது. வள்ளம் ஏறுறதும் விழுறதுமாய்க் கிடக்கு.

— நீங்கள் ஆரைக் கூப்பிட்டனீங்கள்?

— கர்த்தரை.

— இஞ்சேருங்கோ.

— கர்த்தரைத்தான். முதலிலை.

— பேந்து?

— பேந்து யாகப்பு "மாதாவே" எண்டு கத்தினவர். வள்ளத்திலை எல்லாரும் ஒரு மாதிரிக் கத்தேக்கை ஒரு ஆள் மட்டும் வேறை மாதிரிக் கத்தேலாது, றோஸ்.

— ஐயோ, என்ரை விலா நோகுது! இதைக் கேட்டால் மூப்பர்மார் கதிரையாலை விழுவினம்.

— விழட்டும். கரைக்கு வந்தாப்போலை அவர் என்னைப் பாத்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. ஒரு பாரை மீனை ஓலையிலை சுத்தி என்ரை கையிலை தந்திட்டு, "அம்மாவிட்டைக் குடுங்கோ" எண்டு மட்டும் சொன்னவர். அண்டுதொட்டு நான் ஒருத்தரோடையும் அந்த விசயத்திலை தர்க்கப்பட்டதில்லை. மற்றவனை வெக்கப்படுத்தாமல் விடுறதும் ஒரு ஊழியம். அதை எனக்குப் படிப்பிச்சது யாகப்பு.

— இது நல்லாயிருக்கு. உண்மையாய்த்தான் சொல்லுறன். இதை வெட்டவேண்டாம்.

— நெருப்புக்காய்ச்சல் பரவின வருசத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறன். "ஜெபத்தினாலே ஆகாதது ஒன்றுமில்லை."

— செபம் பண்ணினது நீங்கள். கொதிச்சாறின தண்ணியைக் குடத்திலை கொண்டு வீடு வீடாய்த் திரிஞ்சது நான்.

— ஓம். அந்த இடத்திலை உன்ரை பேரைப் போட்டிருக்கிறன்.

— சின்னனாயோ?

— இல்லை. இஞ்சை பார். கொட்டை எழுத்திலை.

— உது என்னத்துக்கு? சனத்துக்கு முன்னாலை பெண்சாதியின்ரை பேரை... சரி, உந்தப் பொறுமையையும் வெட்டவேண்டாம். இருந்திட்டுப் போகட்டும்.

— தோத்திரம்! அப்ப இனி மகுடம். கடைசிப் பாடம்.

— வாங்குக் கதை.

— ஓம், வாங்குக் கதைதான்.

— அதை விட்டால் என்ன?

— என்ன கதை கதைக்கிறாய்? என்ரை ஊழியத்திலை நான் துணிஞ்சு செய்த ஒரே ஒரு காரியம் அது. மற்றதெல்லாம் நீ சொல்லுறமாதிரி வாய்க்காலும் வள்ளமும்தான். பள்ளிக்கூடங்களிலை எல்லாப் பிள்ளையளும் சாதி பாராமல் சரிசமனாய் இருக்கவேணும் எண்டு கட்டளை வந்து, ஊர் முழுக்கக் கொதிச்சுக்கொண்டு நிண்ட காலம். அங்கை பள்ளிக்கூடம் எரியுது, இஞ்சை கல்லெறி எண்டு ஒவ்வொரு நாளும் செய்தி. எங்கடை கோயிலிலை என்ன முறை? தோட்டம் துரவு வைச்சிருந்தவை முன்னுக்கு மர வாங்கிலை. லாசருவைப்போலை பனை ஏறிப் பிழைச்ச சனம் பின்னுக்குப் பாயிலை. கர்த்தரின்ரை பந்திக்கு முன்னாலை ஒருத்தன் வாங்கிலை, ஒருத்தன் நிலத்திலை! திருவிருந்து ஞாயிறு விடியப்புறம் நான் போய் என்ரை கையாலை அந்தப் பாயெல்லாத்தையும் சுருட்டி எடுத்தன். எடுத்தனோ இல்லையோ?

— எடுத்தனீங்கள். எடுத்த பாய் இப்பவும் எங்கடை வீட்டுப் பரணிலை கிடக்குது. அண்டைக்கு உங்களைப் பாக்க எனக்குப் பெருமையாய்த்தான் இருந்தது. அது பொய்யில்லை.

— "இனிப் பாய் இல்லை, எல்லாரும் வாங்கிலை" எண்டு பிரசங்கபீடத்திலை நிண்டு சொன்னன். லாசரு நொண்டி நொண்டி நடுவழியாலை வந்தவன். ஒருத்தரும் அவனை நிமிர்ந்து பாக்கேல்லை. ஒருத்தரும் தள்ளி இருக்கேல்லை. வந்து இராசநாயகத்தின்ரை வாங்கடியிலை நிண்டான். இராசநாயகம் ஓரத்திலை. தன்ரை வளவு வேம்பைத் தறிச்சுத் தானே செய்விச்சுக் குடுத்த வாங்கு அது. என்னோடை ஒரே வகுப்பிலை படிச்சவன், என்ரை கலியாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாய் நிண்டவன். லாசரு கிட்ட வந்தவுடனை எழும்பினான். எழும்பி, முகத்தை மற்றப்பக்கம் திருப்பினான். என்ரை இரத்தம் கொதிச்சுப்போச்சு!

— உங்களுக்குக் கொதிக்கப் பிந்தினதெப்ப?

— "சகோதரனோடை ஒரு பந்தியிலை இருக்க மனமில்லாதவன், எழும்பினபடியே வெளியிலை போகட்டும்!" எண்டு சத்தம்போட்டன். கோயில் கிடுகிடுத்துது. அவன் என்னை ஒருக்கால் பாத்தான். சால்வையை எடுத்துத் தோளிலை போட்டுக்கொண்டு போனவன்தான், பேந்து கோயில் வாசல் மிதிக்கேல்லை. எழும்ப எண்டு கையை ஊண்டின மற்ற ஆக்களெல்லாம் அப்பிடியே இருந்திட்டினம். லாசரு அந்த ஓரத்திலை இருந்து, காலை நடுவழிக்கு நீட்டினான். ஒரு ராசா மாதிரி! இந்தக் கதையை நான் மானிப்பாயிலை சொல்லியிருக்கிறன், வட்டுக்கோட்டையிலை சொல்லியிருக்கிறன். எங்கடை கோயிலிலை சொல்லேக்கையெல்லாம் லாசரு உருகித் தலையைக் குனிஞ்சுகொள்ளுவான். அதைப் பாத்தாலே பிரசங்கம் பலிச்சுது எண்டு எனக்கு விளங்கும்.

— அண்டைக்குப் பின்னேரம் நான் உங்களுக்கு ஒண்டு சொன்னனான். ஞாபகம் இருக்கோ?

— திரும்பத் தொடங்கிட்டியே?

— "ஒருக்கால் இராசநாயகத்தாரின்ரை படலையடிக்குப் போட்டு வாங்கோ" எண்டனான். நான் ஆர்மோனியத்தடியிலை உங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு இருந்தனான், ஒண்டையும் காணேல்லை. ஆனால் அந்த மனிசனை எனக்குத் தெரியும். நெருப்புக்காய்ச்சல் நேரம் என்னோடை ஒரு பக்கம் குடத்தைப் பிடிச்சுக்கொண்டு லாசருவின்ரை குடிசைக்குள்ளை வந்தவர்.

— காய்ச்சலுக்குத் தண்ணி குடுக்கிறது வேறை, பக்கத்திலை இருத்துறது வேறை. எங்கடை ஆக்களை எனக்குத் தெரியாதோ? பிழை விட்டவன் அவன். அவன்தான் வந்திருக்கவேணும்.

— ஆடு தானாய் வரட்டும் எண்டு மேய்ப்பன் வீட்டிலை இருந்த கதை வேதத்திலை எந்தப் பக்கத்திலை இருக்கு?

— றோஸ்!

— சரி, நான் வாயை மூடுறன். ஆரோ படலையைத் திறக்கினம், பாருங்கோ.

— தங்கமுத்து ரீச்சர். வா பிள்ளை, வா!

— தோத்திரம், ஐயா. அம்மா, பிடியரிசி கொண்டந்தனான். நாளைக்கு றொட்டி சுடப் போதுமோ தெரியாது. கூப்பன் அரிசியை வைச்சுக்கொண்டு சனம் என்ன செய்யும்? ஆனால் ஒரு வீடும் இல்லையெண்டு சொல்லேல்லை. உலை வைக்கேக்கை ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கு எண்டு முட்டியிலை போடுற பழக்கத்தை மட்டும் இந்த உலகச் சண்டைக் காலத்திலையும் ஒருத்தரும் விடேல்லை.

— நல்ல பிள்ளை. உள்ளுக்கு வா, கதிரையிலை இரு. சாமானெல்லாம் கட்டிக் கிடக்கு, காலிலை தடக்குப்பட்டிடாதை. பாருங்கோ, கப்பல் வராமல் கோதுமை மா இல்லை. நாளைக்குக் கர்த்தரின்ரை பந்தியிலை எங்கடை ஊர்ச் சனத்தின்ரை பிடியரிசிதான் அப்பம்.

— எனக்கு அதிலை சந்தோசம்தான். எல்லா வீட்டு அரிசியும் ஒரு சுளகிலை. இதென்ன, இந்த அரிசி மட்டும் வேறை மாதிரிச் சிவந்துபோய் இருக்கு?

— மொட்டைக்கறுப்பன், ஐயா. சொந்த வயல் அரிசி. இராசநாயகத்தார் வீட்டிலை தந்தது.

— அவன்ரை பெண்சாதி நல்ல மனிசி. புருசனுக்கு ஒளிச்செண்டாலும் கிழமை தவறாமல் அனுப்புறாள்.

— ஒளிச்சில்லை, ஐயா. அவர்தான் முட்டியைத் தூக்கிக்கொண்டு படலைக்கு வந்து, தன்ரை கையாலை என்ரை பையுக்குள்ளை கொட்டிவிடுறவர்.

— இராசநாயகமோ?

— ஓம். நான் இந்த வேலையைப் பொறுப்பெடுத்த நாள் தொட்டு அப்பிடித்தான். இண்டைக்கு இன்னொண்டும் கேட்டவர். நாளைக்குக் கோயிலுக்கு வாறாராம்.

— கேட்டியே, றோஸ்? நான் போகேக்கைதான் வரப்போறான்! போகட்டும், வரட்டும். வந்து கேக்கட்டும். பிள்ளை, நீயும் முன்னுக்கு வந்து இரு. உன்ரை கொப்பரின்ரை கதையைத்தான் நாளைக்கு முடிவாய்ச் சொல்லப்போறன். அந்த வாங்குக் கதையை.

— அதையோ, ஐயா?

— ஏன், முகம் மாறிப்போச்சு?

— நாளைக்கு அதைச் சொல்லவேண்டாம், ஐயா.

— நீயுமோ! இவ றோஸும் அதைத்தான் சொல்லுறா. ஏன் சொல்லக்கூடாது? பாயிலை இருந்தவன்ரை மகள் இண்டைக்குப் பாலர் வகுப்பு ரீச்சர். பெரிய வளவுப் பிள்ளையளெல்லாம் உனக்கு எழும்பி வணக்கம் சொல்லுதுகள். அது எங்கையிருந்து தொடங்கினது? அந்த வாங்கிலையிருந்து! லாசரு போன மாரியிலை கண்ணை மூடினான். அவன் இருந்திருந்தால் நாளைக்கு அவனையே எழும்பி நிண்டு காட்டச் சொல்லியிருப்பன்.

— அப்பு எழும்பியிருக்கமாட்டார், ஐயா. நீங்கள் அந்தக் கதையைச் சொல்லுற ஞாயிறுகளிலை அவர் வீட்டிலை சாப்பிடுறதில்லை.

— சாப்பிடுறதில்லையோ? ஏன்?

— இராசநாயகத்தார் நாளைக்கு எங்கை இருக்கலாம் எண்டு என்னட்டைக் கேட்டவர். அதை முதல் சொல்லுறன். அந்த ஓரத்து இடத்திலை தான் இருக்கட்டோ எண்டு கேட்டவர்.

— பாத்தியே, றோஸ், பாத்தியே! இவ்வளவு காலம் போயும் அவனுக்குத் தன்ரை இடம்தான் வேணும். தன்ரை வேம்பு, தன்ரை வாங்கு, தன்ரை ஓரம்! நாளைக்கு நான் அந்தக் கதையை அவன்ரை முகத்துக்கு நேரை சொல்லாமல் விடப்போறதில்லை.

— ஐயா, பிழை பிடிக்கக்கூடாது. நான் எடுத்தெறிஞ்சு கதைக்கிறன் எண்டு நினைக்கக்கூடாது. அவர் இடம் கேக்கேல்லை. உத்தரவு கேட்டவர். "லாசரு இருந்த இடம், நான் இருந்தால் உனக்கு மனவருத்தமோ பிள்ளை" எண்டு என்னட்டைக் கேட்டவர். படலைக்கு வெளியிலை, றோட்டிலை, சனம் போகவரக் கேட்டவர்.

— உன்னட்டையோ? என்னத்துக்கு?

— இரு பிள்ளை. இந்தா, இந்தத் தண்ணியைக் குடி. குடிச்சிட்டுச் சொல்லு. நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ.

— அப்பு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர், அம்மா, ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு. ஆனால் நாளைக்கு அந்த மனிசன் இவ்வளவு காலத்துக்குப் பிறகு வந்து குந்தியிருக்க, ஐயா மேலை நிண்டு அந்தக் கதையைச் சொன்னால், அதைப் பாத்துக்கொண்டு இருக்க என்னாலை ஏலாது. அவர் ஒருக்கால் வெளியிலை போனது போதும். ஐயா, எங்கடை அப்புவின்ரை கால் ஞாபகம் இருக்கோ?

— ஏன் இல்லாமல்? பனையாலை விழுந்த கால். முழங்கால் மடங்காது.

— ஓம், மடங்காது. எங்கடை கோயில் வாங்குகள் எவ்வளவு நெருக்கம்? மடங்காத காலோடை உள்ளுக்குப் போக வழியில்லை. பாயெண்டால் காலை நீட்டிக்கொண்டு இருந்திடுவார். அண்டைக்குப் பாய் இல்லை. எங்கை போறதெண்டு தெரியாமல் நடுவழியிலை வந்தவர். இராசநாயகத்தார்தான் மெல்லமாய் "இஞ்சை வா லாசரு, உள்ளுக்குப் போ" எண்டவர். அப்பு, "நயினார், கால் மடங்காது. நான் நிண்டுகொள்ளுறன்" எண்டவர்.

— பிறகு?

— "அப்ப நீ ஓரத்திலை இரு, நான் உள்ளுக்குத் தள்ளுறன்" எண்டு எழும்பினவர். உள்ளுக்கு இருந்த ஆக்கள் தள்ளமாட்டன் எண்டு கல்லுமாதிரி இருந்தவை. அவையைத் தள்ளச் சொல்லத்தான் மற்றப்பக்கம் திரும்பினவர்.

— எழும்பினது...

— அப்புவை இருத்த, ஐயா. அந்த நேரம்தான் நீங்கள் மேலை நிண்டு சத்தம்போட்டனீங்கள்.

— இல்லை. இல்லை, அப்பிடி இருக்காது. நான் பாத்தனான். என்ரை கண்ணாலை பாத்தனான்!

— நீங்கள் கண்டது சரிதான், ஐயா. எழும்பினவர், திரும்பினவர். அதைத்தான் கண்டனீங்கள்.

— றோஸ்... லாசரு தலையைக் குனிஞ்சது...

— உருகி இல்லை, ஐயா. அப்புவுக்கு நீங்களும் வேணும், அவரும் வேணும். உங்களைப் பாக்கவும் ஏலாமல், எழும்பிச் சொல்லவும் ஏலாமல் குனிஞ்சவர்.

— மானிப்பாயிலை சொன்னன். வட்டுக்கோட்டையிலை கை தட்டினவை, றோஸ். கை தட்டினவை! என்ரை ஒரே ஒரு துணிஞ்ச காரியம்... என்னோடை படிச்சவனை, தோழனாய் நிண்டவனை, ஒரு வார்த்தை கேளாமல்... உன்ரை சொல்லைக் கேட்டு அண்டைக்குப் பின்னேரம் அந்தப் படலைக்குப் போயிருந்தால்!

— இப்ப அதைச் சொல்லி உங்களை வதைக்க எனக்கு மனமில்லை. இருங்கோ, முகம் வேர்த்துப்போச்சு. துடையுங்கோ.

— இருக்கேலாது. சால்வை எங்கை? எல்லாத்தையும் கட்டிப்போட்டியே?

— சால்வையைக் கட்டேல்லை. இந்தா இருக்கு. எங்கை போறியள்?

— இராசநாயகத்தின்ரை படலைக்கு.

— போய் என்ன சொல்லப்போறியள்?

— தெரியேல்லை. வாய்க்காலை மாறி மறிச்சுப்போட்டன் எண்டு சொல்லுவன். அவன் அடிச்சாலும் வாங்கிக்கொள்ளுவன். படலையைத் திறக்காட்டி வெளியிலை நிக்கிறன்.

— திறப்பார், ஐயா. நான் வரேக்கை கிணத்தடியிலை நிண்டு நாளைக்கு உடுக்க வேட்டி தோய்ச்சுக்கொண்டு நிண்டவர்.

— நாளைக்குப் பிரசங்கம்? எழுதினதையெல்லாம் என்ன செய்ய?

— வாய்க்காலும் வள்ளமும் உன்ரை தண்ணிக் குடமும் இருக்கட்டும். கடைசிப் பக்கத்தை வெறுமையாய் விடு. படிச்சதைத்தானே சொல்லச் சொல்லிக் கேட்டவை? இனித்தான் போய்ப் படிக்கவேணும். படிச்சிட்டு வந்து சொல்லுறன்.

— கவனமாய்ப் போங்கோ. ஒழுங்கையிலை கல்லு. நானும் வரட்டோ?

— வேண்டாம். நீ அரிசியை ஊறப்போடு. அந்த மொட்டைக்கறுப்பனை நல்லாய் அடியோடை கலந்துவிடு, எல்லாற்றை வாயுக்கும் போகவேணும். தங்கமுத்து, ஒண்டு மட்டும் சொல்லு, பிள்ளை. எனக்கு விளங்கேல்லை. அவன் வாய் இல்லாதவன் இல்லை, ரோசம் கெட்டவனும் இல்லை. "நான் லாசருவை இருத்தத்தான் எழும்பினனான்" எண்டு ஒரு சொல்லு. அந்த இடத்திலையே சொல்லியிருந்தால் நான் இறங்கிவந்து அவன்ரை காலைப் பிடிச்சிருப்பன். ஏன் அவன் பேசாமல் போனவன்?

— அண்டைக்குப் பொழுதுபடேக்கை அவர் எங்கடை படலைக்கு வந்தவர், ஐயா. அப்பு அழுதுகொண்டு, "நாளைக்கே போய் ஐயாவுக்கு உண்மையைச் சொல்லுறன், நயினார்" எண்டவர். அவர் அப்புவின்ரை தோளைப் பிடிச்சுக்கொண்டு சொன்னதை நான் பக்கத்திலை நிண்டு கேட்டனான்: "வாயைத் திறவாதை, லாசரு. என்னை வெளியிலை விட்டதைப் பாத்துப் பயந்துதான் மற்றவங்கள் எழும்பாமல் இருந்தவங்கள். அது பிழையெண்டு தெரிஞ்சால் அடுத்த கிழமையே பாயைத் திரும்ப விரிச்சுப்போடுவாங்கள். என்ரை பேர் போனால் போகட்டும், என்ரை சிநேகிதன் எடுத்த பாய் எடுத்ததாய் இருக்கட்டும். நீ அந்த ஓரத்திலை காலை நீட்டிக்கொண்டு இரு."